வெளிச்சத்தில் வளர்த்தால் குருட்டு மீனுக்குக் கண் திரும்புமா?

கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கோவையில் ஒரு வண்ணமீன் கடையில் கண்ணில்லாத டெட்ரா மீன்கள் வாங்கியிருக்கிறீர்கள். "வெளிச்சத்துல வெச்சு நாலஞ்சு தலைமுறை வளத்துனீங்கன்னா கண்ணு தானா வந்துருமுங்க" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உங்கள் பையன் தொட்டிக்கு மேலே டியூப்லைட் மாட்டிவிட்டுக் காத்திருக்கிறான். இது நடக்குமா என்பது முதல் கேள்வி. காங்கயம் பக்கம் உங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஜிலேபி மீன் காலங்காலமாக இருட்டில்தானே கிடக்கிறது, அதற்கு மட்டும் ஏன் கண் போகவில்லை என்பது அடுத்தது. ஆக, ஓர் உயிர் தன் வாழ்நாளில் எதைப் பயன்படுத்தியது, எதைச் சும்மா விட்டது என்ற கணக்கு அதன் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன். மீன் மரபியலில் ஆராய்ச்சி செய்தவன் அல்ல. படித்ததும், ஆய்வகத் தொட்டியில் இதே மீனை வளர்த்துப் பார்த்ததும்தான் என் கையிருப்பு. அந்த அளவில் சொல்கிறேன்.

நடக்காது. நாலு தலைமுறை அல்ல, நானூறு தலைமுறை விளக்குக்குக் கீழே வளர்த்தாலும் வெளிச்சம் என்ற ஒரு காரணத்தால் கண் திரும்பாது. ஆனால் கடைக்காரரைக் கிண்டல் செய்ய வேண்டாம். 1859 இல் டார்வினே தன் நூலில், இருண்ட குகையில் வாழும் விலங்குகளின் கண் போனதற்கு முழுக்க முழுக்கப் பயன்பாடு இல்லாததுதான் காரணம் என்று எழுதினார். இயற்கைத் தேர்வைக் கண்டு சொன்னவரே இந்த ஓரிடத்தில் அதை விட்டுவிட்டுப் பழைய விளக்கத்துக்குப் போனார். கண் இருட்டில் பயன்படாதுதான். ஆனால் இருந்தால் என்ன கெடுதல் என்பதற்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை.

உங்கள் தொட்டியில் இருக்கும் மீனின் ஊர் மெக்சிகோ. அந்த நாட்டின் வடகிழக்கில் சியரா டி எல் ஆப்ரா என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடரும் அதை ஒட்டிய சில தொடர்களும் உண்டு. அங்கே முப்பது குகைகள் அளவுக்கு இந்தக் குருட்டு மீன் வாழ்கிறது. 1936 இல் குவேவா சிக்கா என்ற குகையிலிருந்து எடுத்து இதை முதலில் விவரித்தபோது தனிப் பேரினம் என்றே நினைத்தார்கள். உலகம் முழுக்கக் கடைகளில் விற்கும் குருட்டு டெட்ரா பெரும்பாலும் அந்தக் குகையின் வம்சம்தான். பிறகுதான் தெரிந்தது, வெளியே ஆற்றில் பளபளவென்று கண்ணோடு திரியும் அஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ் என்ற சாதாரண மீனும் இதுவும் ஒரே இனம் என்று. இரண்டையும் ஜோடி சேர்த்தால் முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிடும். மரபியல்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கண் உள்ளதும் இல்லாததும் ஒரே இனத்தில் கிடைத்து, இரண்டையும் கலக்கவும் முடிகிறது. அதனால்தான் உலகத்தில் எத்தனையோ குகை மீன்கள் இருக்க, இது ஒன்றைப் பற்றி மட்டும் இவ்வளவு தெரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் பையனுக்கு ஓர் எச்சரிக்கை. மீன் முட்டையிட்டால், ஒரு நாளுக்குச் சற்று மேல் போனதும் குஞ்சு பொரிந்துவிடும். அப்போது ஒரு குஞ்சை வாட்ச் கிளாஸில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தலையின் இரு பக்கமும் சின்ன வட்டம் தெரியும். அது கண்தான். டியூப்லைட் வேலை செய்துவிட்டது என்று அவன் குதிக்கப்போகிறான். குதிக்க வேண்டாம். கும்மிருட்டுக் குகையில் பொரிக்கும் குஞ்சுக்கும் அதே வட்டம் இருக்கும். இந்த மீனின் கரு கண்ணைக் கட்ட ஆரம்பிக்கிறது. கிண்ணம் போன்ற விழித்திரையும் அதன் நடுவில் லென்ஸும் முறையாகவே உருவாகின்றன. பிறகு லென்ஸில் உள்ள செல்கள் தாமாகச் செத்துப்போகின்றன. விழித்திரையில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும், பிறந்தவை செத்துக்கொண்டும் இருக்கும். உடம்பு வளர வளரக் கண் வளராமல் குழிக்குள் அமுங்கி, மேலே தோல் மூடிவிடுகிறது. கண் தேய்ந்துபோனது என்று நாம் சொல்வதில் இந்த விஷயம் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு குஞ்சும் புதிதாகக் கண்ணைக் கட்டி, புதிதாகவே அதை இழக்கிறது.

லென்ஸ்தான் முக்கியப் புள்ளி என்பதை 2000 இல் யோஷியுகி யமமோட்டோவும் வில்லியம் ஜெஃப்ரியும் ஒரு சோதனையில் காட்டினார்கள். ஆற்று மீனின் கருவிலிருந்து லென்ஸை எடுத்துக் குருட்டு மீனின் கருவில் ஒரு பக்கம் மட்டும் பொருத்தினார்கள். அந்தப் பக்கத்தில் பெரிய கண் வளர்ந்தது; விழித்திரையும் கருவிழியும் எல்லாமும் வந்தன. மறுபக்கம் வழக்கம்போல மூடிக்கொண்டது. திருப்பிச் செய்தபோது, குருட்டு மீனின் லென்ஸைத் தாங்கிய ஆற்று மீனுக்கு அந்தப் பக்கக் கண் கெட்டது. கண்ணின் மற்ற பாகங்களைக் கட்டத் தேவையான மரபணுக்கள் பெரும்பாலும் வேலை செய்யும் நிலையிலேயே இருக்கின்றன என்பது இதிலிருந்து உறுதி. வகுப்பில் இந்தச் சோதனையைச் சொல்லும் நாளில் மட்டும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் 2004 இல் அதே குழு இன்னும் ஒரு படி பின்னால் போனது. கருவின் நடுக்கோட்டில் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணுவின் சைகை பரவுகிறது. (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வீடியோ கேம் பெயர்தான்.) குருட்டு மீனின் கருவில் இந்தச் சைகை அகலமாகப் பரவுகிறது. அது அகன்றால் கண்ணுக்கு ஒதுக்கிய பகுதி சுருங்குகிறது, பிறகு லென்ஸும் சாகிறது. ஆற்று மீனின் கருவில் இந்தச் சைகையைச் செயற்கையாகக் கூட்டியபோது அதற்கும் கண் கெட்டது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இதே சைகை கூடும்போது தாடை அகலமாகி, வாயில் சுவை மொட்டுகள் பெருகுகின்றன. இருட்டில் தரையைத் துழாவித் தின்னும் மீனுக்கு அது லாபம். உங்கள் தொட்டியிலேயே கவனியுங்கள். ஒரு தீனி உருண்டை அடியில் விழுந்தால், குருட்டு மீன் தலையைக் கீழே சாய்த்து உடம்பைச் சரிவாக வைத்துக்கொண்டு கூழாங்கல்லை உரசியபடி போகும். ஆற்று மீனை இருட்டில் விட்டால் ஏறக்குறைய செங்குத்தாகத் தலைகீழாக நின்று கொத்தப் பார்க்கும். சரிவாகப் போவதுதான் அதிக இடத்தைத் துழாவுகிறது.

கண் போனதற்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்றும் நினைக்கக்கூடாது. ஆற்று மீனையும் குகை மீனையும் கலந்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகளுக்குக் கண் இருக்கும், சற்றுச் சிறியதாக. அவற்றைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பெரிய கண், சின்னக் கண், பேருக்கொரு கண், கண்ணே இல்லாதது என்று எல்லா வகையும் வரும். பல மரபணுக்கள் பங்கு போட்டுச் செய்யும் வேலை இது என்பதற்கு அதுவே சாட்சி. இதைவிடப் பெரிய சாட்சி 2008 இல் ரிச்சர்ட் பொரோவ்ஸ்கி வெளியிட்டது. அவர் ஆற்று மீனைத் தொடவே இல்லை. ஒரு குகையின் குருட்டு மீனையும் வேறொரு குகையின் குருட்டு மீனையும் ஜோடி சேர்த்தார். அப்பாவும் குருடு, அம்மாவும் குருடு, ஆனால் குஞ்சுகளில் ஒரு பங்குக்குப் பார்வை வந்தது. குகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு இந்தப் பங்கு கூடியது. ஒரு ஜோடியில் 40 சதவீதத்தை நெருங்கியது. உங்கள் தோட்டத்தில் ஓடாமல் கிடக்கும் இரண்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காயில் எரிந்திருக்கிறது, மற்றதில் பேரிங் போயிருக்கிறது. இதன் பேரிங்கையும் அதன் காயிலையும் சேர்த்துப் பூட்டினால் ஒரு மோட்டார் ஓடும். இரண்டிலுமே காயில்தான் எரிந்திருந்தால் எப்படி மாற்றிப் பூட்டினாலும் ஓடாது. ஆக, வெவ்வேறு குகைகளில் வெவ்வேறு இடத்தில் பழுது விழுந்திருக்கிறது. கண் திரும்ப வழி உண்டா என்று கேட்டால் உண்டு. ஆனால் அது டியூப்லைட்டில் இல்லை, கலப்பில் இருக்கிறது. கடையில் ஒரே குகையின் வம்சத்தை வாங்கி அதற்குள்ளேயே பெருக்கும் நமக்கு அந்த வழி கிடையாது.

இதுவரை சொன்னவை எல்லாம் உறுதியானவை. ஏன் போனது என்ற கேள்வியில்தான் இன்னும் சண்டை நடக்கிறது. ஒரு தரப்பு சொல்வது இது: இருட்டில் கண்ணைக் கெடுக்கும் பிறழ்வு, அதாவது மரபணுவில் தற்செயலாக விழும் மாற்றம், வந்தாலும் மீனுக்கு நஷ்டமில்லை, அதனால் யாரும் வடிகட்டாமல் அப்படிப்பட்ட பிறழ்வுகள் சேர்ந்துவிட்டன. இன்னொரு தரப்பு, கண்ணை வைத்திருப்பதே செலவு, இல்லாதவன் பிழைத்தான் என்கிறது. மூன்றாவது தரப்பு, வாயும் சுவை மொட்டும் பெருகியதன் பக்கவிளைவாகவே கண் போனது என்கிறது. செலவுக் கணக்கை 2015 இல் அளந்தே காட்டினார்கள். ஒரு கிராம் எடையுள்ள இளம் மீனுக்கு ஓய்வில் ஆகும் ஆற்றலில் சுமார் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது; எட்டரை கிராம் மீனுக்கு அது 5 சதவீதமாகக் குறைகிறது. வெளவால் எச்சமும் மழை வெள்ளம் கொண்டுவரும் குப்பையுமே சாப்பாடு என்று இருக்கும் இடத்தில் இது சின்னத் தொகை அல்ல. மரபணு வரைபடமும் இதற்குத்தான் சாதகம். 2007 இல் வந்த ஆய்வில், கண் அளவோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் எல்லாவற்றிலும் குகை மீனின் பிரதி கண்ணைச் சிறிதாக்கும் திசையிலேயே இழுத்தது. தற்செயலாகச் சேர்ந்த பிறழ்வு என்றால் சில இப்படியும் சில அப்படியும் இழுத்திருக்க வேண்டும். நிறத்தைக் கட்டுப்படுத்தும் இடங்களில் அப்படித்தான், கலவையாக இருந்தன.

என் கருத்து, கண் விஷயத்தில் இயற்கைத் தேர்வின் கை பலமாக இருக்கிறது என்பதே. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் ஆற்று மீன்கள் சில குகைகளுக்குள் அடித்துக்கொண்டு வரப்படுகின்றன, உள்ளே இருப்பவற்றோடு கலக்கவும் செய்கின்றன. நல்ல கண் மரபணு இப்படி வந்துகொண்டே இருந்தும் குகைக்குள் குருடுதான் நிலைக்கிறது என்றால், சும்மா தேய்ந்தது என்ற கதை போதாது. ரே லங்கெஸ்டர் என்ற பழைய ஆங்கில விலங்கியலாளர் இதற்கு வேடிக்கையான ஒரு விளக்கம் வைத்திருந்தார். கண் தெரிகிற மீன் வெளிச்சத்தைத் தேடி வெளியே போய்விடும், தெரியாததுதான் உள்ளே தங்கும் என்றார். முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள முடியாவிட்டாலும், தள்ளிவிடவும் முடியாத யோசனை.

நிறம் போனது தற்செயல்தான் என்பதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். பச்சோன், மோலினோ என்ற இரண்டு குகைகளிலும் மீன் வெளுத்திருப்பதற்கு ஓசிஏ2 என்ற ஒரே மரபணுதான் காரணம். ஆனால் இரண்டிலும் அந்த மரபணுவில் அறுந்துபோன துண்டு வேறு வேறு என்று 2006 இல் கண்டார்கள். ஒரே பழுது தனித்தனியாக இரண்டு தடவை நிகழ்ந்திருக்கிறது. அந்த மரபணு நின்றால் கருநிறமிக்குப் போக வேண்டிய டைரோசின் என்ற மூலப்பொருள் மிச்சமாகி வேறு நரம்பு ரசாயனங்களுக்குப் போகிறது என்று பிறகு ஒரு ஆய்வு சொன்னது. அப்படியானால் வெளுப்பிலும் ஏதோ ஆதாயம் இருக்கலாம். இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எத்தனை காலத்தில் நடந்தது என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை. முன்பு பத்து லட்சம் ஆண்டுக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 இல் வெளிவந்த ஆய்வுகளில் ஒன்று இருபதாயிரம் ஆண்டுக்கும் குறைவு என்றது, மற்றொன்று ஒன்று முதல் இரண்டு லட்சம் ஆண்டு வரை என்றது. இந்த எண்களை யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

சூழல் நேரடியாக எதையுமே மாற்றாதா என்று நீங்கள் மடக்கலாம். மாற்றும். 2020 இல் வந்த ஒரு ஆய்வில் ஆற்று மீனை இரண்டு வருடம் வரை முழு இருட்டில் வளர்த்தார்கள். பட்டினி தாங்கும் சக்தியும் சில ஹார்மோன் அளவுகளும் குகை மீனின் பக்கம் சாய்ந்தன. கண் மட்டும் போகவில்லை. இன்னொரு ஆய்வு, குகை மீனில் கண்ணுக்கான பல மரபணுக்கள், டிஎன்ஏவின் எழுத்து மாறாமலேயே, மெத்தில் குறி என்ற ரசாயன ஒட்டால் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று 2018 இல் காட்டியது. இதைப் படித்துவிட்டு 'அப்போது கடைக்காரர் சொன்னது சரிதானே' என்று வருகிறவர்கள் உண்டு. சரியல்ல. அந்த அடைப்பைப் போடுவதும் மரபணு வழியாக வரும் ஏற்பாடுதான். விளக்கு வெளிச்சம் பட்டால் கழன்றுவிடும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

சரி, உங்கள் கிணற்றுக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜிலேபி இந்தியாவுக்கு வந்ததே 1952 இல்தான். பரிணாமக் கணக்கில் எழுபது சொச்சம் ஆண்டு ஒரு காலமே இல்லை. அதைவிட, தோட்டத்துக் கிணறு குகை இருட்டு அல்ல. நம் பக்கத்துக் கிணறு சதுரமாகப் பாறையை உடைத்து அகலமாக வெட்டியது; உச்சி வெயில் நேரத்தில் எட்டிப் பார்த்தால் தண்ணீரில் மீன் திரும்புவது நமக்கே தெரியும். நமக்குத் தெரிகிறது என்றால் மீனுக்கும் தெரிகிறது. அங்கே மீன்கொத்தி வரும், தண்ணீர்ப் பாம்பு வரும், மேலே விழும் பூச்சியைப் பிடிக்க வேண்டும். கண் கெட்டது முதலில் சாகும். அதோடு வறட்சி வந்தால் கிணறு வற்றிவிடும், பிறகு மழை பெய்ததும் யாராவது குளத்திலிருந்து குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள். ஒரே வம்சம் வெளித்தொடர்பு இல்லாமல் ஆயிரக்கணக்கான தலைமுறை தங்கினால்தானே அங்கே ஏதாவது மாறும்?

கொங்கு நாட்டின் அடித்தளமும் இதற்கு ஒத்துவராது. நைஸ், சார்னோக்கைட் மாதிரியான கடினப் பாறைதான் பெரும்பகுதி. தண்ணீர் மேலே உளுத்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் நிற்கிறது. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமெண்டுக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல் உண்டே என்பீர்கள். அது உருமாறிய பழைய பாறைகளுக்கு நடுவே பட்டைகளாகக் கிடப்பது. மெக்சிகோ மலைபோல ஆறு ஓடும் குகை வலை அதில் இல்லை. ஆனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இறங்கினால் கதை வேறு. கேரளத்தின் செம்புறாங்கல் முழுக்கத் துளை, அந்தத் துளைகளில் நிலத்தடித் தண்ணீர் நிற்கிறது. 1950 இல் கோட்டயத்துக் கிணறு ஒன்றிலிருந்து ஹொராக்ளானிஸ் கிருஷ்ணை என்ற குருட்டுக் கெளுத்தியை மேனன் விவரித்தார். விரல் நீளம்கூட இல்லை. ரத்தம் தோல் வழியே தெரிவதால் இளஞ்சிவப்பாக இருக்கும். திருச்சூர்ப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு இனங்கள் வந்தன, 2023 இல் நான்காவது வந்தது. அந்த நான்காவதற்கு மக்கள் என்ற பொருளில் பாப்புலி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுக் கிணற்றிலும் குழாயிலும் வந்த மீனைத் தூக்கி எறியாமல் தகவல் சொன்ன ஊர்க்காரர்களால்தான் அந்த ஆய்வே நடந்தது. வெளித்தோற்றத்தில் இந்த இனங்களைப் பிரிப்பதே கஷ்டம், மரபணுவிலோ எக்கச்சக்க வித்தியாசம். ஆக, மெக்சிகோ மீனில் கண்டதை எல்லாம் அப்படியே இவற்றின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. இவற்றுக்குப் பக்கத்து ஆற்றில் கண்ணுள்ள சகோதரன் இல்லை, கலந்து பார்க்க வழியும் இல்லை.

பையனின் ஆசையை அணைக்க வேண்டாம், சோதனையைக் கொஞ்சம் திருத்தினால் போதும். ஒரே ஈட்டுக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாத்திரத்தை விளக்கின் கீழும், ஒன்றைக் கறுப்பு அட்டையால் மூடியும் வைக்கட்டும். தண்ணீர், தீனி, சூடு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கூடவே விடோ டெட்ரா மாதிரி கண்ணுள்ள மீனின் குஞ்சுகளையும் அதேபோல இரண்டாகப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மாதம் கழித்து நாலு பாத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். முட்டையிட்டதும் பெரிய மீன்களை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாயே தின்றுவிடும். மிஞ்சிய குஞ்சுகளைக் கிணற்றிலோ குளத்திலோ விட வேண்டாம், அவை இந்த ஊர் மீன் அல்ல.

கிணறு தூர்வாரும்போது கண்ணில்லாத மீன் ஏதாவது அகப்பட்டால் முதலில் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றாலோ, தழும்பு இருந்தாலோ, அது அடிபட்ட சாதாரண மீன். இரண்டு பக்கமும் வழவழவென்று தோல் மூடி, உடம்பும் வெளுத்திருந்தால் உயிரோடு இருக்கும்போதே பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டு, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்குச் சொல்லுங்கள். செத்துப்போனால் ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அதில் டிஎன்ஏ கெட்டுவிடும்.